கண்டிக்காரருக்கு விழுந்த அமெரிக்கா

அமெரிக்கா போய்த் திரும்பியவர்கள் கள்ளக்குறிச்சியில் இப்போது தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். வந்த நாலு நாளைக்கு வெயில் தாங்கவில்லை என்பார்கள். ஐந்தாம் நாள் பழைய சோறு கேட்பார்கள். அவர்களை விடுங்கள். ஊரை விட்டு நகராமல் பன்னிரண்டு வருஷம் அமெரிக்காவிலேயே குடியிருந்த ஒரே மனிதர், இந்த மாவட்டத்திலேயே, எங்கள் தெரு கண்டிக்காரர்தான்.

அவருக்கு என்று ஒரு பேர் இருக்கிறது. ஆதாரில் இருக்கிறது, கரண்டு பில்லில் இருக்கிறது. தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஆறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டு இங்கே வந்தவர். அப்படி வந்தவர்களை எல்லாம் எங்கள் பக்கத்தில் கண்டிக்காரர் என்றுதான் சொல்வோம். அவர் பிறந்த தோட்டம் கண்டியில் இல்லையாம், வேறு ஏதோ மலையில் இருக்கிறதாம். பல தடவை சொல்லிப் பார்த்தார். எங்களுக்கு இலங்கை என்றால் கண்டிதான். கடைசியில் அவரே விட்டுவிட்டார்.

தொழில், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் அவர் கடை வாசலில் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். செம்புக் கம்பியை அவர் சுற்றுவதைப் பார்த்தால் கல்யாணப் பெண்ணுக்குச் சடை பின்னுகிற மாதிரி இருக்கும். வேலை சுத்தம். வாய்தான் ஓயாது. என் வாயும் அப்படித்தான் என்பதால் நான் அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், ஒருத்தி உட்கார்ந்து பத்திரிகைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவள் யார் என்பது கொஞ்ச நேரத்தில் வரும்.

ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து கண்டிக்காரர் கையில் வெல்லம் கட்டின காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். வெல்லத்தை என் கையில் வைத்துவிட்டு, "ஆயா, இன்னிலருந்து நான் இங்க கொஞ்ச நாள் விருந்தாளி" என்றார்.

"இன்னாப்பா சொல்ற, செல்வி வூட்ட வுட்டுத் தொரத்திட்டாளா?"

செல்வி அவர் மனைவி. திருக்கோவிலூர்ப் பெண். துரத்தினாலும் துரத்துவாள்.

"அது இல்ல ஆயா. அமெரிக்காக்காரன் வருசா வருசம் சீட்டுக் குலுக்கறான். உலகம் பூரா யார் வேணா பேரு குடுக்கலாம். சீட்டு விழுந்தா குடும்பத்தோட அங்கியே வந்து நெலையா இருந்துக்கோங்கறான்."

"அப்ப நானும் பேரு குடுக்கறேன்."

"நீங்க குடுக்க முடியாது. இந்தியாவுல பொறந்தவங்க ஏற்கனவே ஜாஸ்தி பேர் போய்ட்டாங்களாம், அதனால கெடையாது. இப்ப எங்க இருக்கறன்னு அவன் கேக்கல. எங்க பொறந்தன்னு கேக்கறான். இலங்கையில பொறந்தவனுக்கு உண்டு. இந்தத் தெருவுலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் உண்டு."

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்ததை நான் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க 'கண்டிக்காரன்' என்று சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தோம் அல்லவா, அந்தச் சொல்லுக்கு அன்றைக்குத்தான் விலை வந்தது.

பன்னிரண்டாவது பாஸாகியிருக்க வேண்டும் என்பது ஒரு விதி. அவர் பாஸ், மூன்றாம் தடவையில். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதுவும் இருந்தது, தகர டப்பாவில், முழுக்கச் சிங்கள எழுத்தில். அதை லேமினேஷன் போட்டுக் கடையில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம், "இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். "நான் பொறந்துட்டேன்னு எழுதியிருக்கு" என்பார். அவருக்கும் அந்த எழுத்து படிக்கத் தெரியாது.

லாட்டரி என்ற சொல் எங்கள் தெருவிலிருந்து கடைத்தெருவுக்குப் போயிற்று. கடைத்தெருவிலிருந்து போக வேண்டிய இடத்துக்கும் போயிற்று. லாட்டரிச் சீட்டை நம் அரசாங்கம் ஒழித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதே, மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"லாட்டரி விக்கறியாமே?"

"விக்கல சார். போட்டிருக்கேன்."

"யாரு நடத்தறது?"

"அமெரிக்கா கவர்மெண்டு சார்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஏஜெண்டு யாரு?"

"ஏஜெண்டு கெடையாது சார். கம்ப்யூட்டரு குலுக்கும்."

"அந்தக் கம்ப்யூட்டரு எங்க வெச்சிருக்க?"

கண்டிக்காரர் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முதலிலிருந்து கடைசி வரை விளக்கினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிவில் போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒண்ணு போட்டு வெய்யேன்" என்றார்.

"நீங்க எங்க பொறந்தீங்க சார்?"

"ரிஷிவந்தியம்."

"ரிஷிவந்தியத்துக்குக் கெடையாது சார்."

"ஏன், ரிஷிவந்தியத்துக்கு இன்னா கொறச்சல்?"

அன்றைக்கு அவர் கோபித்துக்கொண்டு போனதுதான். பிறகு அவர் வீட்டு மோட்டார் எரிந்தபோதுகூட வேறு கடைக்குத்தான் கொண்டுபோனாராம்.

ஐப்பசியில் பேர் கொடுத்தால் சித்திரை கடைசியில்தான் முடிவு தெரியும். நடுவில் இருக்கிற மாதங்களை நாம் என்றால் மறந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். கண்டிக்காரர் அமெரிக்காவுக்குப் பழகினார்.

கடையில் இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டினார். அது அமெரிக்கா மணி. உச்சி வெயிலில் உலக்கை சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார், "அங்க எல்லாம் தூங்கற நேரம், மெதுவா இடிக்கச் சொல்லு" என்று. திருநாவலூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி மோட்டாரைப் போட்டுவிட்டு, "எப்ப வரட்டும்?" என்றால், "நாளைக்கி ஒம்பது மணிக்கு" என்பார். அந்த ஆள் காலையில் ஒன்பதுக்கு வந்து நிற்பார். "இந்த ஒம்பது இல்லண்ணே, அந்த ஒம்பது" என்று இரண்டாவது கடிகாரத்தைக் காட்டுவார். அங்கே வயலில் நெல் காய்ந்துகொண்டிருக்கும்.

அவர் குளிருக்குப் பழகிய கதை இன்னும் மோசம். மார்கழி வந்தால் போதும், விடியற்காலை முதல் பஸ்ஸில் செல்வியையும் இழுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஏறிவிடுவார். வெள்ளிமலை தாண்டி ஒரு பாறை. பனி முகத்தில் அறையும். செல்வி இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். இவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறை மேல் சம்மணம் போட்டு உட்காருவார். முதல் வருஷம் கால் மணி நேரம், அடுத்த வருஷம் அரை மணி நேரம் என்று ஏற்றிக்கொண்டே போனார். தேன் விற்கிற மலைக்காரம்மா ஒருத்தி வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே போவாளாம். நாலாவது வருஷம் பொறுக்க முடியாமல் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இன்னாத்துக்கு சட்டையக் கழட்டிட்டு ஒக்காந்துக்கினு இருக்கீங்க? வேண்டுதலா?"

"குளுரு பழகறேம்மா. அமெரிக்கா போறேன்."

"அந்த ஊருல சட்ட போட வுட மாட்டாங்களா?"

செல்வி சிரித்த சிரிப்பில் ஒரு போர்வை நழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கும்.

நாங்கள் கேலி செய்யாத நாள் இல்லை. ஆனால் ஒரு தடவை நான் கேட்டேன், மோட்டார் வேலை நன்றாகத்தானே ஓடுகிறது, வீடு இருக்கிறது, எதற்கு இந்தப் பித்து என்று. கம்பி சுற்றுகிற கையை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"ஆயா, அங்க இருந்தப்ப ஒங்க ஊருக்குப் போன்னு கப்பல் ஏத்துனாங்க. இங்க வந்தா கண்டிக்காரன்னாங்க. நான் பொறந்ததுலருந்து எவனும் என்ன வான்னு கூப்ட்டதில்ல. ஒருத்தன் சீட்டுப் போட்டு, பேர எடுத்து, நீ வாப்பான்னு கூப்புடறான். அந்த ஒரு வார்த்தய கேட்டுப் பாக்கணும்."

அதற்கு மேல் நான் கேலி செய்வதைக் கொஞ்சம் கம்மி செய்துகொண்டேன். நிறுத்தவில்லை.

இப்போது தவிட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கண்டிக்காரருக்கும் செல்விக்கும் முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று நாற்பது நாள், ஒன்று ஐந்து மாதம். மூன்றாவது ஒரு பெண் பிறந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி இருந்தால் என்ன செய்வார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். வேறு வீட்டுக்காரி ஒருத்தி தற்செயலாக அந்த வழியே போகிற மாதிரி போய் எடுத்து, ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். எமன் வந்து பார்த்தால், இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று திரும்பிப் போய்விடுவான். தற்செயலாகப் போனது நான்தான். ஒரு படி தவிட்டுக்கு அந்தப் பெண்ணை வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் நிவேதா, தெருவில் தவுட்டம்மா. வளர்ந்தது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் அவர்கள் வீட்டில்தான். பேச்சுக்கு மட்டும் என் பெண்.

மற்ற வீடுகளில் இதை ஒரு வருஷம் சொல்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். கண்டிக்காரர் மறக்கிற ஆளா? விஞ்ஞானம் பேசுகிற மனிதர், சகுனம் பார்க்கிறவர்களைச் சிரிப்பவர், இந்த ஒன்றில் மட்டும் எமனோடு போட்ட ஒப்பந்தம் மாதிரி நடந்துகொண்டார். 'என் பொண்ணு' என்று ஒரு நாள், ஒரு தடவை சொன்னதில்லை. அவளும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். ரேஷன் அட்டையில் அவள் பேரை என் அட்டையில்தான் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். டீச்சர், "நிவேதா அப்பா வரலையா?" என்றால், எழுந்து, "வந்துருக்காரு டீச்சர். ஆனா வரலன்னு வெச்சிக்கோங்க" என்பார். பத்தாவதில் அவள் பள்ளியில் முதலாவதாக வந்தபோது தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு வாசலிலும், "ஆயா வூட்டுப் பொண்ணு ஃபஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். கண்ணில் தண்ணீர் வேறு. யாருடைய பெண்ணுக்கோ இப்படி அழுகிறாரே என்று புதிதாகக் குடிவந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பவள் அவள்தான். லட்டு இல்லை, மைசூர்பாகு என்கிறாள். எழுதிக்கோ.

போன வருஷம் சித்திரையில் சீட்டு விழுந்தது. பேர் கொடுத்ததில் அது பன்னிரண்டாவது தடவை. நெட் சென்டரில் பார்த்துவிட்டு அவர் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். என் வாசலில் நின்று, "ஆயா, கூப்ட்டுட்டான்" என்றார். எப்போதும் பேசுகிறவர் பேசாமல் நின்றால் நமக்குக் கைகால் ஓடாது. நான் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அன்று தெருவே அவர் கடையில் கூடியது. அமெரிக்கா மணியை அன்றைக்குத்தான் எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள்.

விழுந்தால் உடனே போய்விட முடியாது, இன்னொரு பெரிய பாரம் நிரப்ப வேண்டும். அதற்கு ஆனி மாதத்தில் அவர், நான், தவுட்டம்மா மூவரும் நெட் சென்டருக்குப் போனோம். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், ஏசி இருக்கிறது. பன்னிரண்டு தடவையும் அங்கே பாரம் போட்டுக் கொடுத்தவன் தேவி என்ற பெண்ணின் அண்ணன். அவன் கேட்டதைத் தட்டுவான், படிக்க மாட்டான். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, தேவி உட்கார்ந்திருந்தாள். அவள் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவாள்.

"உங்களுக்குப் பசங்க எத்தன பேருங்க?"

"இல்லம்மா."

"இல்லியா?"

"இல்ல."

தேவி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள். கண்டிக்காரருக்குப் பக்கத்தில் தவுட்டம்மா உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அதே மூக்கு, அதே நெற்றி, முறுக்கை உடைக்கிற விதம்கூட அதே.

"அப்ப இது யாருங்க?"

"ஆயா வூட்டுப் பொண்ணு."

"போன வாரம் நான்தான இந்தப் பொண்ணுக்கு ஆதார் திருத்தம் போட்டேன். அப்பா பேரு உங்க பேரா இருந்துதே."

"அது ஆஸ்பத்திரில எழுதிட்டாங்க. எமன் ஆஸ்பத்திரி பேப்பரெல்லாம் பாக்க மாட்டான்."

தேவி என்னைப் பார்த்தாள். நான் தவிட்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷமும் பிள்ளை இல்லை என்றா போட்டீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றார். பாரத்தில் எழுதினால் அது கணக்கில் ஏறிவிடும் அல்லவா. எழுதாமல் விட்டுவிட்டு விமானத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்திருந்தாராம். பஸ்ஸில் அரை டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி.

"அப்படி முடியாதுங்க" என்றாள் தேவி. "பேரு குடுக்கறப்பவே எல்லாப் புள்ளைங்களயும் எழுதணும். எழுதாம வுட்டது தெரிஞ்சா சீட்டே செல்லாது, மொத்தக் குடும்பத்துக்கும் கெடையாது. இப்ப உண்மைய எழுதினா இந்த வாய்ப்பு போச்சு. பொய்ய எழுதிப் போனீங்கன்னா, இல்லாத பொண்ண அப்புறம் எப்டி கூப்டுக்குவீங்க?"

தவுட்டம்மா முறுக்கை வைத்துவிட்டாள். "அப்ப பன்னெண்டு வருசமா நான் இல்லியா மாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்புதான். ஆனால் அந்த முறுக்கை அவள் மறுபடி எடுக்கவில்லை. (எடுத்தேன் என்கிறாள். பொய்.)

தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. எங்கள் தெருவில் ஒரு நிலத் தரகர் இருக்கிறார், எந்தப் பட்டாவையும் யார் பேருக்கும் மாற்றிவிடலாம் என்று நம்புகிறவர். அவர் ஒரு தாளையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே கண்டிக்காரர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஆயா, சிம்பிளான விசயம். ரேஷன் அட்டையில அவ ஒங்க கூட இருக்கறா. ஊருக்கே தெரியும் நீங்க வாங்குன பொண்ணுன்னு. 'இவ எம்பொண்ணு, நான்தான் வளக்கறேன்'னு இதுல ஒரு கைநாட்டு வெச்சிருங்க. இவங்க ரெண்டு பேரும் போய் செட்டில் ஆவட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

தவுட்டம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வெச்சிருங்க ஆயா. நான் இங்கியே இருந்துக்கறேன். அந்தக் குளுரு எனக்கு ஒத்துக்காது" என்றாள்.

நான் கட்டைவிரலை மை டப்பாவில் அழுத்தினேன். நன்றாகத்தான் அழுத்தினேன். பிறகு தாளுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு கண்டிக்காரரைப் பார்த்தேன்.

"வெக்கறேம்பா. எனக்கு இன்னா போச்சு, லாபம்தான். ஒரே ஒரு தபா என்னப் பாத்து சொல்லு, இவ எம்பொண்ணு இல்லன்னு. வெச்சிடறேன்."

பதினாறு வருஷமாகத் தினம் நாலு தடவை சொல்கிற வார்த்தை. பால்காரரிடம் சொல்வார், டீச்சரிடம் சொல்வார், கோயிலில் சாமியிடம் சொல்வார். அன்றைக்கு வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். தரகர், "சொல்லுப்பா, தெனம் சொல்றதுதான" என்று எடுத்துக் கொடுத்தார்.

"எமன் கிட்ட பொய் சொல்லலாம்ண்ணே" என்றார் கண்டிக்காரர். "அவன் பாதி நம்புவான், பாதி நம்ப மாட்டான், போய்டுவான். இந்த அமெரிக்காக்காரங்க நம்பிருவாங்களே."

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை, நல்ல புடவை அது.

மறுநாள் காலை மறுபடி மூவரும் நெட் சென்டர். இந்தத் தடவை செல்வியும் வந்தாள், கோயிலுக்குப் போகிற மாதிரி தலை குளித்துவிட்டு. தேவி அதே பாரத்தைத் திறந்து வைத்தாள்.

"கடைசியா கேக்கறேங்க. இத எழுதினா இந்த சீட்டு போய்டும். மறுபடி ஐப்பசில புதுசா போட்டுக் காத்துக்கினு இருக்கணும். பன்னெண்டு வருசத்துல ஒரு தடவ விழுந்தது. திரும்ப விழும்னு சொல்ல முடியாது. பசங்க எத்தன பேரு?"

கண்டிக்காரர் முதலில் மேலே பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து தவுட்டம்மாவின் நாற்காலியை ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டார். கதவைப் பார்த்தார். சாத்தச் சொன்னார். பிறகு என்னைக் குறுக்கே நிற்கச் சொன்னார். நானாவது எமனைத் தடுப்பேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணு. பொண்ணு. எம்பொண்ணு."

ஒரு கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்து அவளைப் பார்த்தார். இருந்தாள். அடுத்த கண்ணையும் திறந்தார். அப்போதும் இருந்தாள். செல்வி மூக்கைச் சிந்தினாள். தேவி தட்டினாள். எங்கோ அமெரிக்காவில் கண்டிக்காரர் பேரை அடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்தப் பெண் பட்ட பாடு இருக்கிறதே. பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே போவார், மழை இல்லாத காலத்தில். சாலையைக் கடக்கும்போது லாரிகளைக் கைகாட்டி நிறுத்துவார். ஒருநாள் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன எட்டு டிராக்டர்கள் வரிசையாக நின்றுவிட்டன. "இன்னாண்ணே, மந்திரி வராரா?" என்று டிரைவர் கேட்டதற்கு, "எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது" என்றாராம். டீக்கடையில் சொல்வார், மோட்டார் கொண்டு வருகிறவர்களிடம் சொல்வார். பதினாறு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லித் தீர்க்கிறார். தவுட்டம்மாவுக்கு வெட்கம். "ஆயா, நீங்க என்னத் திரும்ப வாங்கிக்கோங்க, தாங்க முடியல" என்று வந்து நிற்பாள்.

ஐப்பசி வந்ததும் மறுபடி பேர் கொடுக்கப் போனார். "இன்னும் ஆச விடலியா?" என்று செல்வி கேட்டாள். "மூணு பேரா போட்டுப் பாக்கறேன். இது புதுக் கணக்கு" என்றார். இதற்குப் புதுப் போட்டோ வேண்டும், மூவருக்கும் தனித் தனியாக. போட்டோவில் சிரிக்கக் கூடாதாம், அது அமெரிக்காவின் விதி. செல்விக்கு ஒரே எடுப்பில் முடிந்தது, அவள் முகம் இயற்கையாகவே அமெரிக்காவுக்கு ஏற்ற முகம். தவுட்டம்மாவுக்கு இரண்டு எடுப்பு. கண்டிக்காரருக்கு ஐந்து.

"சார், வாய மூடுங்க" என்றான் ஸ்டுடியோக்காரன்.

"மூடிக்கினுதாம்பா இருக்கேன்."

"அப்ப கன்னத்த எறக்குங்க."

"எறக்கத் தெரியலப்பா. அது பாட்டுக்கு ஏறுது."

ஐந்தாவதுதான் தேறியது. அந்தப் போட்டோ எடுத்தபோது அவரை எரிந்துபோன மோட்டாரைப் பற்றி நினைக்கச் சொல்லியிருந்தோம். வேண்டாம் என்று ஒதுக்கின நாலில் ஒன்றை நான் கேட்டு வாங்கிவந்து ஆதார் அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். எதற்கு என்று எழுதுகிறவள் கேட்கிறாள். சும்மாதான்.

முடிவு இந்தச் சித்திரைக் கடைசியில் தெரியும். போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். அவருக்குச் சீட்டு விழ வேண்டும் என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன், மூன்று பேரும் போய்விட்டால் பக்கத்து வீடு எப்படி இருக்கும் என்று நினைப்பு வந்துவிட்டது. விழக் கூடாது என்று கேட்க மனசு வரவில்லை. இரண்டையும் கேட்காமல் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.